பெரியப்பாவின் தலைமாட்டில் நான் வைத்த விளக்கு

உயிரோடு இருக்கிற மனுஷனைச் சுற்றிப் பதினாலு பேரை நிறுத்தி ஒப்பாரி வைக்கச் செய்த பெருமை எல்லோருக்கும் வாய்க்காது. எனக்கு வாய்த்தது, அதுவும் சொந்தப் பெரியப்பாவை வைத்தே. நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. முதலில் மேனேஜர் மேல் வரும், அப்புறம் அத்தை மேல், அப்புறம் அந்தச் சின்ன டாக்டர் மேல். கடைசியில் எங்கெங்கோ சுற்றிவிட்டு என் மேலேயே வந்து உட்காரும். (எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.)

எண்பதுகளின் நடுப்பகுதி. திருவாண்டார்கோயில் பக்கம் வயலுக்கு நடுவில் வரிசையாகத் தகர ஷெட்டுகள் முளைத்துக்கொண்டிருந்தன. ஒன்றில் பிளாஸ்டிக் வாளி, ஒன்றில் பேட்டரி, மூன்றாவதில் ஆஸ்பத்திரிக்கான மிஷின். அந்த மூன்றாவதில் எனக்கு வேலை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்திருந்தேன். பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், இருபது பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, நாள் பூராவும் ஈயம் பற்ற வைப்பேன்.

நாங்கள் செய்தது கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கிற ஒரு பெட்டி. நோயாளியின் நெஞ்சில் மூன்று வில்லைகளை ஒட்டி, அதிலிருந்து வரும் ஒயரைப் பெட்டியில் செருகினால், ஒரு சின்னப் பச்சைத் திரையில் இருதயத் துடிப்பு கோடாக ஓடும். பக்கத்தில் நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண் தெரியும். துடிப்பு ரொம்பக் குறைந்தாலோ ரொம்பக் கூடினாலோ அலாரம் அடிக்கும். பெட்டிக்கு உள்ளே இருப்பதை மூன்று எஞ்சினியர்கள் ஆறு மாதம் சண்டை போட்டுச் செய்து முடித்தார்கள். வெளியே இருப்பதை, அதாவது நர்ஸ் கண்ணால் பார்க்கிற, கையால் திருகுகிற முன் பேனலை யார் செய்வது என்று அதுவரை யாருமே யோசிக்கவில்லை.

ஒரு நாள் மேனேஜர் என் மேசைக்கு வந்தார்.

"இன்னாம்மா வசந்தா, கோலம் போடத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்ப பேனல நீயே வரஞ்சி குடுத்துடு. நாலு பட்டன், ரெண்டு திருவு. லட்சணமா இருக்கணும், அவ்ளோதான்."

இதற்காக இன்றைக்குப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் படிக்கிறார்கள். ஒரு பட்டனை எங்கே வைப்பது என்று பத்துப் பேர் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். அன்றைக்கு அதற்குத் தேவைப்பட்ட தகுதி, மார்கழி மாதம் வாசலில் பூசணிப்பூ வைப்பது. என் டிப்ளமாவைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன செய்தேன் என்று கேளுங்கள். "சரி சார்" என்று பல்லைக் காட்டினேன். ஏனென்றால் ஈயப்புகையிலிருந்து தப்பித்துத் தனி மேசையில் உட்கார எனக்கு அவ்வளவு ஆசை.

அப்புறம் நான் செய்ததெல்லாம் என் சொந்தப் புத்தி, அதற்கு மேனேஜரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பேனலை வரைந்த மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போகவில்லை. பெட்டியை என் மேசையில், என் கண்ணுக்கு நேராக வைத்து, தள்ளி நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒரு திருகு என்றால் வலப்பக்கம் ஒரு திருகு. மேலே ஒன்று என்றால் கீழே ஒன்று. ஒரு எஞ்சினியர் வந்து, "ஒயரு கழண்டா அதுக்குத் தனியா ஒரு சத்தம் வெச்சுடலாமா?" என்று கேட்டார். அதற்குப் பேனலில் இன்னொரு ஓட்டை போட வேண்டும். என் கோலம் கெட்டுவிடும். "ஒரு மிஷினுக்கு ஒரு சத்தம் போதும் சார்" என்றேன். (இந்த வாக்கியத்தை நான் செத்தால் என் தலைமேல் எழுதி வைக்கலாம்.) ஒயர் நீளமாக இருந்தால் அசிங்கமாகத் தொங்கும் என்று இரண்டு முழத்தில் வெட்டச் சொன்னதும் நானேதான்.

மிஷின் ஓடுகிறது என்று காட்ட ஒரு விளக்கு வேண்டும் என்றார்கள். மஞ்சளாக எரிகிற சின்ன நியான் பல்பு ஒன்றை எடுத்தேன். அது நிலையாக எரியாது, லேசாகத் துடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பேனலின் நெற்றியில், நட்ட நடுவில், அதற்கு ஒரு ஜன்னல் வெட்டினேன். வட்டமாக வெட்டியிருக்கலாம், சதுரமாக வெட்டியிருக்கலாம். நான் சுடர் வடிவத்தில் வெட்டினேன். அலுமினியத் தகட்டை இரண்டு நாள் அரத்தால் ராவி, விரலெல்லாம் கிழித்துக்கொண்டு, தீபச் சுடர் மாதிரியே கொண்டுவந்தேன். ஷெட்டில் இருந்த இருபது பெண்களும் பார்த்துவிட்டு அழகாக இருக்கிறது என்றார்கள். மேசைமேல் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேசைக்கு ஏது தலைமாடு, கால்மாடு?

வில்லியனூருக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்துப் பார்க்க ஏற்பாடு ஆயிற்று. மிஷினைக் கொண்டுபோய் வைத்துக் காட்ட என்னை அனுப்பினார்கள். அந்த வார்டு நர்ஸ் பெயர் ரீட்டா. பக்கத்து மாதா கோயில் கிராமத்துப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்திருப்பாள். பார்த்த முதல் நிமிஷமே எங்களுக்குள் ஒத்துவரவில்லை. நான் பேசப் பேச அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"நெஞ்சு நின்னா இதே சத்தம், ஒயரு கழண்டாலும் இதே சத்தமா?"

"ஆமா."

"அப்ப எது இன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆளப் பாத்தா தெரியும்."

"ஆளப் பாத்தே தெரிஞ்சிக்கறதுன்னா உன் பொட்டி எதுக்கு?"

பதில் இல்லாதபோது நான் செய்கிற காரியத்தைச் செய்தேன். குரலை உயர்த்தி, "புக்கு குடுத்திருக்கோம், படிங்க" என்றேன். அந்தப் புத்தகமும் நான் எழுதியதுதான். அதில் விளக்கின் அழகைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் இருந்தது.

அவள் விடவில்லை. "இந்த லைட்டு வேற வெளக்கு மாரியே இருக்குது. இத தலமாட்டுல வெச்சா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?"

"தலமாட்டுல ஏன் வெக்கிறீங்க? மேச மேல வைங்க."

"மேச அங்க இருக்குது. கட்டிலு இங்க இருக்குது. உன் ஒயரு ரெண்டு மொழம்."

"அட்ஜஸ்ட் பண்ணிக்கிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், படிக்காத ஜனங்களுக்கு நல்ல பொருளைக் கொடுத்தால் இப்படித்தான் என்று பொருமிக்கொண்டே வந்தேன். அவள் மூன்று வருஷம் நர்சிங் படித்தவள் என்பதும், நான் வார்டு வாசல் தாண்டியதே அன்றுதான் முதல் தடவை என்பதும் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகப் படவில்லை.

இரண்டாவது வாரம், நெட்டப்பாக்கத்தில் இருந்த எங்கள் பெரியப்பா பம்ப்செட்டு அருகில் நெஞ்சு வலி வந்து உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் அண்ணன் அவர், பெயர் கோதண்டம். அவர் சத்தம் போட்டால் நாலு வயலுக்கு அப்பால் மாடு மிரளும். டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகத்தான் எல்லோரும் கிளம்பினார்கள். நான் குறுக்கே விழுந்தேன். "எங்க மிஷினு இருக்குற ஆஸ்பத்திரிக்குப் போவலாம். ராவும் பகலும் நெஞ்சப் பாத்துக்கினே இருக்கும். டவுன்ல கூட இது கெடையாது" என்றேன். படித்த பெண் சொல்கிறாளே என்று என் பேச்சைக் கேட்டார்கள். ஆக, அவரை அந்தக் கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததும் நான்தான்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு என்னையும் பெரியம்மாவையும் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இப்ப வந்தது சின்னது. தூங்கட்டும். அதிர்ச்சி மட்டும் ஆவவே கூடாது. சத்தம், சண்ட, அழுகை ஒண்ணும் கூடாது. இன்னொண்ணு வந்துச்சுன்னா நம்ம கையில இல்ல."

மிஷினை மாட்டினார்கள். ஒயர் இரண்டு முழம் என்பதால் பெட்டி கட்டிலின் தலைமாட்டில் இருந்த சின்ன அலமாரியின் மேல்தான் உட்கார்ந்தது. திரையில் பெரியப்பாவின் நெஞ்சு பச்சையாகத் துள்ளிக்கொண்டு ஓடியது. சுடர் எரிந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெரியம்மாவிடம் சொன்னேன், "இந்த வெளக்கு எரியற வரைக்கும் பெரியப்பாவுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் பெரியம்மா." அவள் அந்த விளக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வேறு யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடமெல்லாம் சொல்லாமல் விட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணி, பார்க்க விடுகிற நேரம். அன்றைக்குத்தான் எங்கள் மேனேஜர், டவுனிலிருந்து ஒரு இருதய டாக்டரை அழைத்துக்கொண்டு மிஷினைக் காட்ட வருவதாக இருந்தது. நான் நல்ல புடவையில் கேட்டருகே நின்றுகொண்டிருந்தேன். அப்போது நெட்டப்பாக்கத்திலிருந்து ஒரு டெம்போ வந்து நின்றது. சொந்தக்காரர்கள் இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். முன்னால் அஞ்சலை அத்தை. பெரியப்பாவின் ஒரே தங்கச்சி. ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் அடி எடுத்துப் பாட அத்தையைத்தான் கூப்பிடுவார்கள்.

"எங்கடி எங்க அண்ணன்?"

"உள்ள, மூணாவது கட்டிலு. போயிப் பாருங்க அத்த, நான் வரேன்."

கூடப் போயிருக்க வேண்டும். பத்தடி நடந்து, அத்தை, அவர் தூங்குகிறார், இது மிஷின், இது லைட்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. மேனேஜரின் கார் வரும்போது வாசலில் என் முகம் இருக்க வேண்டுமே.

உள்ளே நடந்ததை அப்புறம் பதினாலு பேரும் பதினாலு விதமாகச் சொன்னார்கள். பொதுவான சங்கதி இதுதான். பெரியம்மா அந்த நேரம் பார்த்து டம்ளர் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். பெரியப்பா ஊசி போட்டதில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழுத்து வரை வெள்ளைத் துணி. கை இரண்டும் நேராக. வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைமாட்டில், உயரத்தில், மஞ்சளாக ஒரு சுடர் மினுக்மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒருத்தர் மல்லாந்து கிடக்க, தலைமாட்டில் விளக்கு எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வந்து விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

"ஐயோ அண்ணா, வெளக்கு வெச்சுட்டாங்களே" என்று அத்தை ஒரு சத்தம் போட்டு, அப்படியே அவர் நெஞ்சின் மேல் போய் விழுந்தாள். விழுந்த வேகத்தில் ஒட்டியிருந்த வில்லை பிய்ந்து ஒயர் கழன்றது. என் மிஷின் அலற ஆரம்பித்தது. அந்த அலாரத்துக்குக் கடையில் கிடைத்ததிலேயே பெரிய பஸ்ஸரை வாங்கிப் போட்டதும் நான்தான். வார்டே அதிர்ந்தது.

"பாருங்கடி, மிஷினே அழுவுதே" என்று யாரோ சொல்ல, மிச்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. பெண்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி மாரில் அடித்துக்கொண்டார்கள். அத்தை எடுத்த எடுப்பில் பாடத் தொடங்கிவிட்டாள்.

"நட்ட நாத்து நிக்குதண்ணா, நடவு பாக்க வாங்கண்ணா,
கட்டுன மாடு கத்துதண்ணா, கவுறு மாத்த வாங்கண்ணா..."

நான் கேட்டிலிருந்து அலாரத்தைத்தான் முதலில் கேட்டேன். அந்தச் சத்தத்தை ஷெட்டில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்கு, பெரியப்பாவுக்கு இரண்டாவது தடவை வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மிஷினைச் செய்தவளுக்கே அது ஒயர் கழன்ற சத்தமா, நெஞ்சு நின்ற சத்தமா என்று தெரியவில்லை. ஓடினேன். சரியாக அதே நேரம் மேனேஜரின் காரும் வந்து நின்றது. அவரும் டவுன் டாக்டரும் என் பின்னாலேயே வந்தார்கள்.

எங்களுக்கு முன்னால், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு சின்ன டாக்டர் உள்ளே பாய்ந்தார். அவர் பெரியப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. என் பெட்டியைப் பார்த்தார். பச்சைக் கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எண் இருந்த இடத்தில் பூஜ்யம். உடனே ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றி ஏறி, இரண்டு கையையும் சேர்த்துப் பெரியப்பாவின் நெஞ்சில் வைத்து ஓங்கி அமுக்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதில் உள்ளே எதுவோ சுள்ளி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. பெரியப்பா கண்ணைத் திறந்தார்.

"எவன்டா அவன், நெஞ்சு மேல ஏறிக்கினு குதிக்கிறவன்?"

சின்ன டாக்டர் ஏறின நிலையிலேயே சிலையாகிவிட்டார். எல்லோரும் வாயடைத்துப் போனார்கள், அத்தையைத் தவிர. ஒப்பாரியில் எடுத்த அடியை முடிக்காமல் அவளால் நிறுத்த முடியாது, அது பழக்கம். மாட்டுக்குக் கயிறு மாற்றி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அஞ்சல," என்றார் பெரியப்பா, "இன்னாடி இது? யாரு செத்தது?"

"நீதான்ணா" என்றாள் அத்தை.

அப்போது கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ரீட்டா வந்தாள். மிஷின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "நாடி ஓடுது. டாக்டர், எறங்குங்க. இன்னும் ஒருத்தர் வாயத் தொறந்தீங்கன்னா, ஊசி போட்டு பக்கத்துக் கட்டிலுல படுக்க வெச்சுடுவேன்" என்றாள். தொங்கிக்கொண்டிருந்த ஒயரை எடுத்து ஒட்டினாள். அலறல் நின்றது. அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேசையிலிருந்து பிளாஸ்திரியைக் கிழித்து, இரண்டு நாள் அரம் போட்டு நான் ராவிய சுடரின் மேல் குறுக்கே ஒட்டி மூடினாள்.

இதுவரை சொன்னதை எங்கள் வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார்கள். அடுத்த அரைமணி நேரத்தை யாரும் சொல்வதில்லை. ஒயரை ஒட்டினதும் எண் நூற்றிமுப்பத்தெட்டு என்று காட்டியது. கோடு தாறுமாறாகக் குதித்தது. பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சு நின்றுவிட்டது. பெரிய டாக்டர் வந்து ஊசி போட்டுவிட்டுக் கட்டிலருகிலேயே நின்றார். டம்ளரோடு திரும்பி வந்த பெரியம்மா ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரி ஒட்டின இடத்தைக் காட்டி, "வெளக்கு எங்கடி? வெளக்கக் காணமே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விளக்கு எரிகிற வரைக்கும் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொன்னது நான்தானே. எனக்கு அப்போது என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. அழகுக்காக விளக்குக்கு ஒரு ஓட்டை போட்டேன், அழகுக்காகவே தனிச் சத்தத்துக்கு ஒரு ஓட்டை போடாமல் விட்டேன். இந்த மனுஷன் செத்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நூற்றிமுப்பது, நூற்றிருபத்தாறு, நூற்றிப்பத்து என்று அந்த எண் இறங்குவதை நின்று பார்த்தேன். தொண்ணூற்றாறில் பெரிய டாக்டர் மூச்சை விட்டார். நானும் விட்டேன். அப்புறம்தான் அழுதேன்.

வராந்தாவில் டவுன் டாக்டர் கேட்டார், "இந்தப் பேனலை யார் டிசைன் பண்ணது?"

அதுவரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம டிசைன்" என்று சொல்லிக்கொண்டிருந்த மேனேஜர், என்னைத் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார். "இந்தப் பொண்ணு டிசைன் சார். முழுக்க முழுக்க இந்தப் பொண்ணுதான்." மூன்று மாதத்தில் என் உழைப்பை அவர் ஒப்புக்கொண்ட ஒரே சந்தர்ப்பம் அது.

"எந்த வார்டுல உக்காந்து பாத்து வரஞ்சீங்கம்மா?"

"எந்த வார்டுலயும் இல்ல சார்."

அவர் நேராகக் காரில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன்.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பஸ்ஸர் அலறின அந்த நிமிஷமே எங்கள் சித்தப்பா ஒருத்தர், ஆகவேண்டியதைப் பார்க்கலாம் என்று வெளியே ஓடி, கிடைத்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போய்விட்டார். அவரை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஊரில் கீற்று இறக்கிப் பந்தல் போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்குப் பெரியம்மாவின் தம்பி, கோடித் துணியும் மாலையுமாக வார்டுக்குள் அழுதுகொண்டே வந்தார். பெரியப்பா தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் கண் மெதுவாக மாலைக்கு இறங்கியது.

"இன்னா மச்சான், எனக்கு இவ்ளோதானா? எங்க வூட்டு மாட்டுப் பொங்கலுக்குக் கூட இத விடப் பெருசா கட்டுவேன்."

"அவசரத்துல கெடச்சது மாமா" என்று அவரும் வெள்ளந்தியாகச் சொன்னார். எண் நூற்றிப்பதினெட்டுக்கு ஏறியது. ரீட்டா மாலையைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள்.

மறுநாள் நான் ரீட்டாவிடம் சண்டைக்குப் போனேன். (ஆமாம், போனேன். வெட்கம் இல்லாதவள் நான்.) பதினாலு பேரை ஒரே சமயத்தில் எப்படி உள்ளே விடலாம் என்று கத்தினேன். அவள் தெர்மாமீட்டரை உதறிக்கொண்டே, "ரெண்டு வாட்டி சொன்னேன். ஒரு வாட்டி புக்கு படின்ன, ஒரு வாட்டி அட்ஜஸ்ட் பண்ணிக்கன்ன" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. எனக்கு வந்த கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல், அந்த வார்டிலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எட்டு நாள் லீவு போட்டு உட்கார்ந்தேன். அவள் என்னை விரட்டவும் இல்லை, காபி வேண்டுமா என்று கேட்கவும் இல்லை.

அந்த எட்டு நாளில் கண்டதை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நர்ஸுக்கு எந்த நேரமும் இரண்டு கையும் நிறைந்திருக்கும். என் பட்டன்களை அவள் முழங்கையால்தான் அமுக்கினாள். வந்தவர்கள் சாப்பாட்டுப் பையை என் திருகில் மாட்டினார்கள். அந்தத் திருகுகளும் பார்க்க ஃபேன் ரெகுலேட்டர் மாதிரியே இருந்தன. புழுக்கமாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் எழுந்து வந்து அதைக் கடைசி வரைக்கும் திருகிவிட்டு, மேலே பார்த்து, "இன்னாபா காத்தே வரல" என்றார். அவர் அந்தத் திருகில் அலாரத்தையே செத்துப்போகச் செய்துவிட்டார். பேனலைப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இரண்டாவது பேனலில் சுடர் இல்லை. ஒயர் கழன்றால் தனிச் சத்தம், மெதுவாக டொக் டொக்கென்று. நெஞ்சு நின்றால் வேறு சத்தம். ஒயர் ஐந்து முழம். திருகுகளுக்கு மேல் ஒரு மூடி. பார்க்க அவலட்சணம். ஒரு பக்கம் ஏழு ஓட்டை, மறுபக்கம் இரண்டு. ரீட்டா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்றாள். மேனேஜர் திரும்பவும் "நம்ம டிசைன்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவரோடு அதற்காக நான் போட்ட சண்டை தனிக்கதை, அது இங்கே வேண்டாம்.

பெரியப்பாவுக்கு ஒரு விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. கூடியது, ஆனால் மழை வருவதற்கு முன்னால் வலிக்கும். வலித்தால் உடனே யாரிடமாவது, "பாகூருக்கு ஆள் அனுப்பு, வசந்தா மிஷினு மழ வருதுன்னு சொல்லுது" என்பார். அதைவிடப் பெரிய கொடுமை இன்னொன்று. எங்கள் சொந்தத்தில் எங்கே எந்தச் சாவு விழுந்தாலும், முதலில் என்னைத் தேட ஆரம்பித்தார்கள். வாசலில் கூடி நிற்பார்கள், நான் போனதும் யாராவது ஒருத்தர் பவ்வியமாகக் கேட்பார், "பாத்துட்டியாம்மா? அழுவலாமா?" சாவு வீட்டில் இதைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவர்கள் உண்டு. என் கல்யாணப் பந்தலில் மைக்கிலேயே கேட்டார்கள். பெண்ணை அனுப்பும்போது எங்கள் அப்பா கண்ணைத் துடைக்க, அத்தை மகன், "மாமா, இருங்க, வசந்தா இன்னும் சொல்லல" என்றான். அவனோடு நான் ஐந்து வருஷம் பேசவில்லை.

பெரியப்பா அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தார். ஒரு காலையில் ஆட்டோ வந்து நின்றது. உடனே வரச் சொன்னார்கள் என்று மட்டும் அந்த ஆள் சொன்னான். நெட்டப்பாக்கத்தில் போய் இறங்கினால், வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. அஞ்சலை அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வழி விட்டார்கள்.

உள்ளே கட்டிலில் பெரியப்பா படுத்திருந்தார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள், எப்போதும் பிடித்துவிடுவது போலவே. நான் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தேன். கழுத்தில் விரல் வைத்தேன். நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். அவர் உடம்பு ஆறிப்போயிருந்தது. விடிவதற்கு முன்னாலேயே போயிருக்கிறார்.

"பெரியம்மா," என்றேன், "இல்ல பெரியம்மா."

அவள் காலைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னிக்கும் உன் மிஷினு இப்படித்தான சொல்லிச்சு," என்றாள். "இன்னொரு வாட்டி பாருடி."

நான் அவர் கையை மறுபடியும் எடுத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். வாசலில் நாற்பது பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.